நான்கு பிரதிகளையும் அந்தக் கருத்து நோட்டையும் திரும்பத் தாருங்கள்

நம் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நூலக அறையைத் திறந்து விளக்கைப் போட்டதும் மூன்றாவது அலமாரியில் ஓர் இடைவெளி கண்ணில் பட்டது. ஓவியத் திருட்டைப் பற்றிய அந்த மொழிபெயர்ப்பு நாவலின் இரண்டு பிரதிகள் அங்கே இருந்திருக்க வேண்டும். பக்கத்துப் புத்தகம் ஒன்று அந்த இடத்தில் சாய்ந்து கிடந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தேன். வாசகர் கருத்து நோட்டும் இல்லை. வெளியே வந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

"வாசகர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்துள்ளதால் மேற்படி நாவல் நூலகத்திலிருந்து திரும்பப் பெறப்படுகிறது. டிசம்பர் மாத வாசிப்பு வட்டக் கூட்டம் ரத்து செய்யப்படுகிறது. இனி உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்கும் நூல்கள் மட்டுமே வட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்."

மீதி இரண்டு பிரதிகள் படிக்கக் கொண்டுபோனவர்களின் வீட்டில் இருந்தன. அங்கேயும் ஆள் அனுப்பி வாங்கிவிட்டீர்கள். அவர்களில் ஒருவருக்கு இன்னும் அறுபது பக்கம் பாக்கி. மறுநாள் காலையில் எனக்குத் தொலைபேசியில் பேசி, கதையில் ஓவியத்தைத் திருடும் அந்தக் கிழவர் கடைசியில் பிடிபட்டாரா என்பதையாவது சொல்லுங்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. புத்தகம் திரும்பி வரும், நீங்களே படித்துக்கொள்ளலாம் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிரதிகள் உறுப்பினர்களின் சந்தாப் பணத்தில் வாங்கியவை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகளாக இந்த நூலகத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த நாவலின் நான்கு பிரதிகளை வாங்கினோம். நவம்பர் முடிவதற்குள் 27 பேர் எடுத்துப் படித்தார்கள். ஆறு பேர் காத்திருந்தார்கள். நம் நூலகத்தில் ஒரு புத்தகம் ஆண்டுக்கு ஐந்து பேர் கைக்குப் போனால் அதுவே பெரிது என்பது உங்களுக்குத் தெரியும். படித்தவர்களில் 22 பேர் நோட்டில் தங்கள் கருத்தை எழுதினார்கள். ஒன்பது பேருக்குப் பிடித்திருந்தது. எட்டுப் பேருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதினார்கள். நோட்டு உங்களிடம் இருப்பதால் நினைவிலிருந்து சொல்கிறேன். பிழை இருந்தால் நோட்டைத் திறந்து பார்த்துத் திருத்துங்கள்.

இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். கடன் பதிவேட்டில் அந்த நாவலுக்கு எதிரே உங்களில் ஒருவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது. மற்றவர்கள் வெளியே வாங்கிப் படித்திருக்கலாம். படிக்காமல் இருந்திருந்தால், கதை இதுதான். ஐரோப்பிய நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் வேலையில் இருக்கும் ஒரு கிழவர், தான் இருபது ஆண்டுகள் பராமரித்த சின்ன ஓவியத்தைத் திருடும் கூட்டத்தோடு சேர்கிறார். திருடிவிடுகிறார்கள். ஆனால் உலகமே அறிந்த ஓவியத்தை யாரிடம் விற்பது? அது கைமாறிக் கைமாறிப் போகிறது. கடைசிவரை கிடைப்பதில்லை. அருங்காட்சியகம் வெற்றுச் சட்டத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவதோடு கதை முடிகிறது. 340 பக்கம்.

"முதல் எண்பது பக்கம் நகரவே இல்லை" என்று நோட்டில் முதலில் எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. மரப்பலகை, வார்னிஷ், பஞ்சுக் குச்சி, எச்சிலைத் தொட்டு அழுக்கை எடுப்பது என்று பக்கம் பக்கமாக வருகிறது, இது துப்பறியும் நாவலா, பாடப்புத்தகமா என்று கேட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, பச்சை மையில், கலைக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுதினாள். அந்த எண்பது பக்கத்தைத்தான் அவள் இரண்டு முறை படித்தாளாம். படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். அமிர்தா ஷேர்கில் ஓவியம் ஒன்றின் முன்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்திலிருந்து பார்த்தாளாம். வண்ணப் பூச்சின் மேடு பள்ளமும், காய்ந்த வயல்போல நுண்ணிய வெடிப்புகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன என்று எழுதியிருந்தாள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாதபடி சட்டம் காக்கும் ஓவியங்கள் அவை. முப்பத்தொரு ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறேன். ஜெய்ப்பூர் ஹவுஸ் வாசலைப் பஸ்ஸில் கடந்து போனது எத்தனை நூறு தடவை என்று எண்ணிப் பார்க்க முடியாது. அந்தப் பெண் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் முதன்முதலாக உள்ளே போனேன். கணக்கு அதிகாரியும் அடுத்த மாதம் போய்வந்தார். நாவல் நகரவில்லை என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அது அவருடைய உரிமை.

இன்னொருவர் செப்டம்பரில் எழுதினார்: இத்தனை காவல் இருக்கும் இடத்தில் பத்து நிமிடத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு போவதாக எழுதுவது காதில் பூச்சுற்றும் வேலை. அடுத்து வந்தது 2025 அக்டோபர் 19, ஞாயிறு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்குத் திறந்த சிறிது நேரத்தில், லாரியில் பொருத்திய ஏணித் தூக்கியில் ஏறி, ஜன்னலை வெட்டி உள்ளே போய், பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு நகைகள், மதிப்பு 8.8 கோடி யூரோ. அடுத்த ஞாயிறு அவர் நூலகத்துக்கு வந்தார். பேசாமல் நோட்டை வாங்கி, தன் பழைய குறிப்பின் கீழே தேதி போட்டு, "என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் மொழிபெயர்ப்பு கரடுமுரடு" என்று எழுதிவிட்டுப் போனார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், ஊரார் படிக்கும் இடத்தில் தன் கையாலேயே தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

முடிவைப் பற்றித்தான் அதிகம் பேர் குறைப்பட்டார்கள். ஓவியம் கிடைக்கவில்லை, படித்ததெல்லாம் வீண் என்றார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று நான்கைந்து பேர். முடிவு விஷயத்தில் நான் ஆசிரியர் பக்கம். 1990 மார்ச் 18 அதிகாலையில் பாஸ்டன் நகரத்தின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குப் போலீஸ் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். காவலர் கதவைத் திறந்துவிட்டார். 81 நிமிடங்கள் உள்ளே இருந்து 13 பொருள்களைக் கொண்டுபோனார்கள். ரெம்ப்ராண்ட், வெர்மீர் ஓவியங்களும் அதில் போயின. ஒரு கோடி டாலர் சன்மானம் அறிவித்தும் ஒன்றுகூட இதுவரை திரும்பவில்லை. வெற்றுச் சட்டங்களை இன்றும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இதை நான் நவம்பர் கூட்டத்தில் சொன்னபோது, நடந்தது என்பதால் மட்டும் நாவலில் நன்றாக இருந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பதில் சொல்லத்தான் டிசம்பர் கூட்டம் இருந்தது.

திருடனை நல்லவனாகக் காட்டிவிட்டார் என்ற புகாரில் நான் நாவல் பிடிக்காத அந்த எட்டுப் பேர் பக்கம் நிற்கிறேன். அந்தக் கிழவருக்கு ஓவியத்தின் மேல் அத்தனை அன்பு, அதனால் எடுத்தார் என்று நாவல் நம்மைத் தட்டிக்கொடுத்து நம்பவைக்கப் பார்க்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. 1911 ஆகஸ்டில் மோனாலிசாவை லூவ்ரிலிருந்து எடுத்துப்போன வின்சென்சோ பெருஜியாவும் அப்படித்தான் பேசினான். அங்கே கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவன். இத்தாலியின் சொத்தை இத்தாலிக்கே கொண்டுவந்தேன் என்றான். லியனார்டோ தானே தன் கையோடு பிரான்சுக்குக் கொண்டுபோன ஓவியம் அது. இரண்டு ஆண்டுகள் பாரிஸில் தன் அறையில் மறைத்து வைத்திருந்துவிட்டு 1913இல் ஃப்ளாரன்ஸில் விற்கப் பார்த்தபோது பிடிபட்டான். அன்பு இருந்தால் விலை பேசுவானா? நாவலை எழுதியவர் இந்தக் கேள்வியைக் கிழவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நோட்டில் ஒன்றரைப் பக்கம் இதை எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்த நாவலைத் தடுத்ததை எதிர்க்கும் நானே அதன் மேல் இவ்வளவு குறை வைத்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது இருபத்திரண்டாவது குறிப்புக்கு வருகிறேன்.

அதை எழுதியவர் மதன்கீரில் குடியிருப்பவர். தெற்குத் தில்லியில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மாதக் கடைசி ஞாயிறு வந்து இரண்டு புத்தகம் எடுத்துப்போவார். இரவு வேலையில் தூக்கம் வராமல் இருக்கப் படிக்கிறேன் என்பார். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நோட்டில் எழுதியதில்லை. எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினால், நமக்கென்னங்க தெரியும் என்று சிரித்து நகர்ந்துவிடுவார். இந்த நாவலைத் திருப்பிக் கொடுத்த அன்று அவரே நோட்டைக் கேட்டார். நின்றபடியே எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, பெரிய பெரிய எழுத்தாக, நான்கே வரி:

"காவலாளிக்குப் பெயர் இல்லை. 112ஆம் பக்கத்தில் அவன் வாயில் துணி வைத்து நாற்காலியில் கட்டுகிறார்கள். 340 பக்கம் வரை தேடினேன். அவனை யாரும் அவிழ்த்துவிடவில்லை."

அவருக்கு முன்னால் இருபத்தொரு பேர் நோட்டில் எழுதியிருக்கிறோம். கணக்கு அதிகாரி, கல்லூரி மாணவி, பேராசிரியர் ஒருவர், நான். எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. வீட்டுக்குப் போய் என் சொந்தப் பிரதியை எடுத்து 112ஆம் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் மறுபடியும் படித்தேன். அவர் சொன்னது உண்மை. கிழவரின் மூட்டுவலிக்கு மூன்று பக்கம் கொடுத்த ஆசிரியர், கட்டிப்போட்ட மனிதனை அங்கேயே விட்டுவிட்டார். பாஸ்டனில் நிஜமாகக் கட்டப்பட்ட இரண்டு காவலர்களையும் காலையில் போலீஸ் வந்துதான் நிலவறையிலிருந்து விடுவித்தது. கதவைத் திறந்துவிட்டவர் மேல் விழுந்த சந்தேகம் பல ஆண்டுகள் அவரை விடவில்லை. ஓவியங்களின் பெயரை உலகம் மனப்பாடமாகச் சொல்லும். அந்தக் காவலர்களை யார் நினைக்கிறார்கள்?

நவம்பர் கூட்டத்தில் அந்தக் குறிப்பை நான் உரக்கப் படித்தேன். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று 34 பேர் வந்திருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டோம், காப்பி இரண்டு தடவை போட்டோம். குறிப்பைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுதியவர் அன்று வரவில்லை. கூட்டம் ஆறு மணிக்கு, அவருக்கு ஏழு மணிக்குள் வேலையிடத்துக்குப் போயாக வேண்டும்.

செயலாளர் அவர்களே, அந்தக் கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம்தான் உங்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஜெயங்கொண்டம் பக்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து அந்த வட்டாரத்து ஸ்ரீபுரந்தான் கிராமத்தைப் பற்றிப் பேசினார். பூட்டிக் கிடந்த பழைய சிவன் கோவிலிலிருந்து 2006இல் சோழர் காலத்து நடராஜரைத் தூக்கிப்போனார்கள். ஊருக்கு அது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரி மூலம் 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இதே தில்லிக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த அம்மையார் இவற்றை வரிசையாகச் சொல்லவில்லை. தன் சிறு வயதில் திருவாதிரைக்கு அந்த வட்டாரத்துக் கோவில்களில் சாமி புறப்பாடு பார்த்ததைச் சொன்னார், பிறகு ஒவ்வொன்றாக எப்படிப் பூட்டிப்போனது என்பதைச் சொன்னார். நாவலில் வரும் வெற்றுச் சட்டத்தைப் படித்தபோது தனக்கு வெறும் பீடம்தான் நினைவுக்கு வந்தது என்றார். பிறகு மாணவி கேட்டாள்: நம் ஒவ்வொருவருடைய ஊர்க் கோவிலிலும் உற்சவ மூர்த்தியைக் கடைசியாக எப்போது நேரில் பார்த்தோம்? அது அதே விக்கிரகம்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் குரல்கள் உயர்ந்தன. உள்ளே இருப்பவர்கள் துணை இல்லாமல் சிலை வெளியே போகுமா என்று ஒருவர் கேட்டார். கோவிலில் பணி செய்பவர்களைப் பழிக்கிறீர்கள் என்று இன்னொருவர் எழுந்தார். நீங்கள் கூட்டத்தை முடித்துவைத்தீர்கள். அடுத்த வாரம் இரண்டு புகார்க் கடிதங்கள் வந்தன.

கோபம் வந்தது உண்மை. ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுத்த இருவரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவர்கள் தரப்பையும் டிசம்பர் கூட்டத்தில் முழுதாகக் கேட்டிருக்கலாம். அவர்களுக்குச் சொல்ல நியாயம் இருக்கிறது. சொற்பச் சம்பளத்துக்குக் கோவிலைக் காத்துக் கிடக்கும் அர்ச்சகர்களும் மெய்க்காவலர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திருட்டு என்றதும் முதலில் அவர்களைத்தான் சந்தேகிக்கிறோம். மதன்கீர்க் காவலர் எழுதியதும் இதையேதான் அல்லவா? அந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திக்க ஒரு கூட்டம் மட்டுமே பாக்கி இருந்தது. அதை ரத்து செய்துவிட்டீர்கள்.

நேரில் கேட்டபோது செயலாளர் இன்னொரு காரணமும் சொன்னார்: இளைஞர்களுக்குத் திருட்டு நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் நம் சங்கத்துக்கு எதற்கு? நம்மில் பாதிப்பேர் தில்லி வந்த காலத்தில் சென்னை சென்ட்ரலில் மாதாமாதம் வரும் நாவல்களில் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டுதான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். நாக்பூர் தாண்டுவதற்குள் முடித்துவிட்டு எதிர் இருக்கைக்காரரிடம் மாற்றிக்கொள்வோம். கொலையும் கொள்ளையும் நிறைந்த அந்தப் புத்தகங்களைப் படித்துத் தமிழைக் கைவிடாமல் வைத்திருந்தோமே தவிர, கன்னக்கோலைக் கையில் எடுக்கவில்லை.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் 29 ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவள். குழுவில் ஐந்து பேராவது அதே பிழைப்புச் செய்தவர்கள். ஒரு கோப்பில் கீழ்நிலை எழுத்தர் மாறுபட்ட குறிப்பு எழுதினால் மேலதிகாரி என்ன செய்வார்? ஏற்கலாம், மறுத்துக் கீழே எழுதலாம். பக்க எண் போட்ட குறிப்புத் தாளைக் கிழித்து எடுக்க அமைச்சருக்கும் அதிகாரம் கிடையாது. அலுவலகத்தில் அந்த ஒழுங்கைக் கடைசி நாள் வரை காத்த நீங்கள், இங்கே 22 பேர் கையெழுத்திட்ட நோட்டை முழுதாகத் தூக்கி இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

ஒருமனதாக ஏற்கும் நூல் என்கிறீர்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இதுவரை யாரும் ஒரு சொல்கூட எதிர்த்துச் சொல்லாத நூல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. கெட்டி அட்டை போட்ட விழா மலர்கள், அன்பளிப்பாக வந்த வாழ்த்துத் தொகுப்புகள். அவற்றில் ஒன்று கடைசியாக வெளியே போனது 2011இல். எதிர்க்க ஆளில்லாத புத்தகத்துக்கு வாசகரும் இல்லை என்பதை நான் வாரா வாரம் தூசி தட்டும்போது பார்க்கிறேன். இந்த விதி நிலைத்தால் வட்டத்துக்கு அந்த மலர்கள்தான் மிஞ்சும்.

ஆகவே நான் கேட்பவை இவை. நாவலின் நான்கு பிரதிகளும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். அறுபது பக்கம் பாக்கி வைத்திருப்பவருக்கு முதல் பிரதி, பிறகு காத்திருக்கும் ஆறு பேருக்கு வரிசைப்படி. கருத்து நோட்டு ஒரு தாளும் குறையாமல் மேசை இழுப்பறைக்கு வர வேண்டும். புகார் கொடுத்த இருவரும் தங்கள் கருத்தையும் அதிலேயே எழுதட்டும், அவர்களுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் விடுகிறேன். ஒருமனது என்ற விதியை ஜனவரிப் பொதுக்குழுவில் வைத்து உறுப்பினர்களின் வாக்கைக் கேளுங்கள். அதுவரை அது நடைமுறைக்கு வரக்கூடாது. இனி எந்த நூலையாவது எடுக்க வேண்டும் என்று குழு நினைத்தால், அதைப் படித்த உறுப்பினர்கள் யார் யார் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். படிக்காமல் கைதூக்குவது நம் சங்கத்துக்கு அழகில்லை.

ரத்து செய்த கூட்டத்தை டிசம்பர் கடைசி ஞாயிறு நடத்துங்கள். நீங்கள் ஒன்பது பேரும் வர வேண்டும், படித்துவிட்டு வர வேண்டும். என் சொந்தப் பிரதியைத் தருகிறேன். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்காமல் பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். இரவு வேலைக்குப் போக வேண்டியவர் முதலில் பேசட்டும்.

நூலகப் பொறுப்பிலுள்ள உறுப்பினர்,
புது தில்லி